வார்ம்-அப், ஸ்ட்ரெட்ச்சிங்: எதை எப்போது, எவ்வளவு நேரம் செய்வது? நெகிழ்வுக்கும் வலிமைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜிம்முக்குள் நுழைந்ததும் குனிந்து கால்விரலைத் தொட்டு, முப்பது எண்ணும்வரை அப்படியே நின்றுவிட்டு, நேரே எடை தூக்கப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வார்ம்-அப் முடிந்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் செய்தது ஸ்ட்ரெட்ச்சிங். வார்ம்-அப் இன்னும் தொடங்கவே இல்லை.

இந்த இரண்டும் வெவ்வேறு வேலைகள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு உடலைத் தயார்செய்வது வார்ம்-அப். அடுத்த சில மாதங்களில் மூட்டுகள் இன்னும் அதிக தூரம் அசையும்படி பழக்குவது ஸ்ட்ரெட்ச்சிங். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் வார்ம்-அப் அரைகுறையாகிறது, ஸ்ட்ரெட்ச்சிங்கும் பலன் தரும் அளவுக்கு நடப்பதில்லை. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நெகிழ்வு கூடினால் மட்டும் போதாது, கூடிய தூரம் முழுக்க வலிமையும் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க இந்த மூன்றையும் ஒட்டித்தான் போகிறது.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

உடலை அசைக்கத் தொடங்கியதும் தசைகளுக்குப் போகும் ரத்தம் கூடுகிறது, தசையின் வெப்பநிலை ஏறுகிறது. முதல் சில நிமிடங்களில் வேகமாக ஏறி, 10 முதல் 20 நிமிடத்துக்குள் ஒரு நிலைக்கு வந்துவிடும். தசை 1 டிகிரி செல்சியஸ் சூடானால் குதித்தல், வேகமாக ஓடுதல் போன்ற திடீர் விசை வேலைகளில் திறன் சுமார் 2 முதல் 5 சதவீதம் கூடுகிறது என்பது ஆய்வுகளில் மறுபடி மறுபடி கண்ட விஷயம். நரம்புகள் செய்தி கடத்தும் வேகம் கூடுகிறது, தசைக்குள் நடக்கும் வேதிவினைகள் விரைவாகின்றன, ரத்தம் ஆக்சிஜனைத் தசையிடம் எளிதாக விட்டுக்கொடுக்கிறது. வலிமைக்கு வார்ம்-அப் உதவுவது இப்படித்தான்.

ஸ்ட்ரெட்ச்சிங்கில் நடப்பது வேறு. ஒரு தசையை நீட்டிப் பிடித்தால் அது நிரந்தரமாக நீளமாகிவிடுகிறது என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி நரம்பு மண்டலத்தில் நடக்கிறது. முன்பு எந்த இடத்தில் 'போதும், நிறுத்து' என்று உடல் சொன்னதோ, பழகப் பழக அந்த எச்சரிக்கை தள்ளிப்போகிறது. தசை பெரிதாக மாறியிருக்காது, இழுப்பைத் தாங்கும் சகிப்புத்தன்மைதான் மாறியிருக்கும். தசையின் அமைப்பே மாற வேண்டுமென்றால் பல வாரங்கள், கூடவே சுமையும் தேவைப்படும்.

இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு பெரிய நன்மை உண்டு. நரம்பு மண்டலம் எதை ஆபத்து என்று நினைக்கிறதோ அதை எதிர்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, இழுத்துப் பிடித்தால் தசை இன்னும் இறுகும். மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, தாங்கக்கூடிய அளவில் நின்றால் விட்டுக்கொடுக்கும்.

படி 1: இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

'உடம்பு இறுக்கமா இருக்கு' என்ற உணர்வை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நன்றாக வளையக்கூடியவர்களுக்கும் அந்த உணர்வு வரும். அளவு எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சோதனைகள் போதும்.

ஒன்று, கணுக்காலுக்கு. வெறுங்காலில் சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு பாதத்தைச் சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலை முன்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தை ஒரு சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தி மறுபடி முயலுங்கள். குதிகால் எழாமல் தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். முழங்கால் உள்பக்கம் சரியாமல், இரண்டாவது விரலின் நேர்க்கோட்டில் போக வேண்டும். உள்ளே சரியவிட்டால் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வரும், ஆனால் அது கணுக்கால் தந்த தூரம் கிடையாது. 10 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலான பயிற்சிகளுக்குத் தாராளம். இரண்டு காலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அதைக் கவனியுங்கள்.

மற்றொன்று, தொடையின் பின்பக்கத் தசைக்கு. மல்லாந்து படுத்து, ஒரு காலைத் தரையோடு நேராக வைத்துக்கொண்டு, மற்ற காலை முழங்கால் மடங்காமல் நீங்களாகவே தூக்குங்கள். எவ்வளவு உயரம் போகிறது என்று பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம், அல்லது போனில் வீடியோ எடுக்கலாம். அப்புறம் பாதத்தில் ஒரு துண்டைப் போட்டுக் கையால் இழுத்து, இன்னும் எவ்வளவு தூரம் வருகிறது என்று பாருங்கள்.

இந்த இரண்டு உயரங்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் மிக முக்கியமான தகவல். கையால் இழுத்தால் வரும், தானாகத் தூக்கினால் வராது என்றால், நெகிழ்வு இருக்கிறது, அந்த இடத்தில் வலிமை இல்லை என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதல் ஸ்ட்ரெட்ச்சிங் தேவையில்லை, படி 5 தேவை. இரண்டுமே குறைவாக இருந்தால் படி 4, 5 இரண்டும் தேவை.

படி 2: வார்ம்-அப்பை வரிசையாகச் செய்யுங்கள்

முதல் 5 நிமிடம் உடல் முழுக்கச் சூடாக வேண்டும். வேக நடை, மெதுவான ஓட்டம், சைக்கிள், ஸ்கிப்பிங், எதுவும் சரி. நெற்றியில் லேசாக வியர்க்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். குளிர்ந்த இடமாக இருந்தால் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வயது கூடியவர்களும் அவசரப்படாமல் இந்தப் பகுதியை நீட்டலாம்.

அடுத்த 5 நிமிடம் அன்றைக்கு எந்த மூட்டுகளைப் பயன்படுத்தப் போகிறோமோ அவற்றை முழுத் தூரத்துக்கும் அசைக்க வேண்டும். இதைத்தான் டைனமிக் ஸ்ட்ரெட்ச்சிங் என்கிறார்கள். எங்கேயும் பிடித்து நிற்பதில்லை, போய்ப் போய் வருகிறோம். கால் பயிற்சி நாளென்றால் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும், அப்புறம் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். எடையில்லாமல் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்), நடந்துகொண்டே லஞ்ச் (ஒரு காலை முன்னால் நீட்டி வைத்து, முழங்காலை மடக்கி இறங்குதல்), குதிகால் உயர்த்துதல். மேலுடல் நாளென்றால் கைகளைச் சுற்றுதல், தோள்பட்டை எலும்பை மேலும் கீழும் நகர்த்துதல், சுவரில் கை வைத்துப் புஷ்-அப். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை போதும். முதல் இரண்டு மூன்று முறை சின்ன தூரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்குங்கள். காலை வீசி எறிவது டைனமிக் ஸ்ட்ரெட்ச்சிங் ஆகாது. ஒவ்வொரு நொடியும் கால் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது பகுதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு மிகப் பெரிய பலன் இதில்தான் இருக்கிறது. எந்த அசைவைக் கடுமையாகச் செய்யப் போகிறீர்களோ, அதே அசைவைச் சுலபமான அளவில் செய்து படிப்படியாக ஏறுங்கள். 80 கிலோவில் ஸ்குவாட் செய்யப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் 20 கிலோ கம்பியில் 10 ரெப்ஸ், அதாவது 10 முறை. 40 கிலோவில் 5. 60 கிலோவில் 3. 70 கிலோவில் ஒன்றே ஒன்று. பிறகு 80. எடை ஏற ஏற ரெப்ஸ் குறைவதைக் கவனியுங்கள். தசையை வேலைக்குத் தட்டி எழுப்ப வேண்டும், களைப்படைய வைக்கக் கூடாது. இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு செட் என்று பெயர். முதல் இரண்டு செட்டுக்கு நடுவே நீண்ட ஓய்வு வேண்டாம். கடைசி இரண்டுக்கு முன் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ நின்று மூச்சை ஒழுங்காக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் இப்படி நான்கு செட் தேவையில்லை. அன்றைய முதல் பெரிய பயிற்சிக்குச் செய்தால், அதே தசைகளைப் பயன்படுத்தும் அடுத்த பயிற்சிக்கு ஒரு செட் போதும்.

ஓட்டக்காரர்களுக்கும் இதே முறைதான். வேக ஓட்டத்துக்கு முன் 60 முதல் 80 மீட்டர் தூரத்தை மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம் கூட்டி ஓடுங்கள். மெதுவான நீண்ட ஓட்டமென்றால் முதல் 10 நிமிடத்தை நிதானமாக ஓடுவதே வார்ம்-அப்.

வார்ம்-அப் முடித்து அரட்டையில் 20 நிமிடம் போய்விட்டால் ஏறிய சூட்டில் பெரும்பகுதி இறங்கிவிடும். முடித்த 5, 10 நிமிடத்துக்குள் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

படி 3: பயிற்சிக்கு முன் நீட்டிப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச் வேண்டுமா?

ஒரே நிலையில் பிடித்து நிற்கும் ஸ்டாட்டிக் ஸ்ட்ரெட்ச் வலிமையைக் குறைக்கும் என்று ஒரு தரப்பு அதை அறவே தவிர்க்கச் சொல்கிறது. இன்னொரு தரப்பு அது இல்லாமல் பயிற்சியே கூடாது என்கிறது. இரண்டுமே மிகை.

நேரம்தான் இதைத் தீர்மானிக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வறிக்கையின்படி, ஒரு தசையை மொத்தம் 60 விநாடிக்கும் குறைவாக நீட்டினால் பிந்தைய செயல்திறன் ஏறக்குறைய 1 சதவீதம்தான் குறைகிறது. 60 விநாடியோ அதற்கு மேலோ போனால் இழப்பு 4 முதல் 5 சதவீதம் வரை போகிறது. டைனமிக் ஸ்ட்ரெட்ச்சில் சிறிய ஏற்றமே கிடைத்தது. இந்த அளவீடுகள் பெரும்பாலும் நீட்டிய சில நிமிடங்களுக்குள் எடுத்தவை. நீட்டிய பிறகு டைனமிக் அசைவுகளும் படிப்படியான செட்களும் செய்தால் அந்தச் சிறிய இழப்பும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆகவே நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். ஸ்குவாட்டில் கணுக்கால் இடிக்கிறது, கம்பியைத் தலைக்கு மேலே பிடித்தால் தோள் முழுதாக விரியவில்லை என்று குறிப்பான ஒரு தடை இருந்தால், அந்த ஓரிடத்தை மட்டும் 20 அல்லது 30 விநாடி நீட்டிவிட்டு உடனே டைனமிக் அசைவுகளுக்குப் போங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம், தற்காப்புக் கலைகள் போன்றவற்றில் பெரிய வளைவுகள் தேவை, அவற்றைச் செய்கிறவர்களுக்கு முன்னதாகவே நீட்டுவது அவசியம். மற்றவர்களுக்கு, குறிப்பாக அன்று அதிகபட்ச எடை தூக்கவோ முழு வேகத்தில் ஓடவோ போகிறவர்களுக்கு, நீண்ட நேரம் பிடிப்பதைப் பயிற்சி முடிந்த பின் வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: நெகிழ்வைக் கூட்டுவதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்

பயிற்சி முடிந்ததும், உடல் சூடாக இருக்கும்போதே செய்யலாம். இல்லையென்றால் 5 நிமிடம் நடந்துவிட்டு எந்த நேரத்திலும் செய்யலாம். ஒவ்வொரு தசையையும் 30 விநாடி வீதம் இரண்டு அல்லது மூன்று முறை பிடியுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 3 நாள், 5 நாள் முடிந்தால் இன்னும் நல்லது. ஒரே நாளில் அரை மணி நேரம் போராடுவதைவிட, பல நாட்கள் சில நிமிடங்கள் செய்வதுதான் நிலைக்கும். ஒரு முறை நீட்டியதில் கிடைக்கும் கூடுதல் தூரம் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் அது உங்களுடையதாகும்.

எவ்வளவு இழுப்பது? 0 என்றால் எதுவுமே தெரியவில்லை, 10 என்றால் தாங்க முடியாத வலி. 5, 6 அளவில் நில்லுங்கள். தசையின் நடுவில் இழுப்பு தெரிய வேண்டும். மூட்டுக்குள் குத்தல், காலில் மின்னல் போல் ஓடும் வலி, மரத்துப்போதல் வந்தால் அது தசையின் இழுப்பு இல்லை. உடனே விடுங்கள்.

நீட்டிப் பிடிப்பதைவிட ஒரு படி மேலான முறை ஒன்று உண்டு. 1940களில் அமெரிக்காவில் பிசியோதெரபிக்காக உருவாகி, பிறகு விளையாட்டுக்குள் வந்த பி.என்.எஃப். அதன் எளிய வடிவம் இறுக்கி விடுதல். தொடைப் பின்தசைக்கு இப்படிச் செய்யுங்கள்.

மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைப் போட்டுக் காலை மேலே கொண்டுவாருங்கள். முழங்கால் துளி மடங்கியிருந்தாலும் பரவாயில்லை. இழுப்பு 5 அளவுக்கு வந்ததும் அங்கேயே 10 விநாடி நில்லுங்கள். இப்போது காலைக் கீழே இறக்க முயல்வது போலத் துண்டுக்கு எதிராகக் குதிகாலால் அழுத்துங்கள். முழு பலமும் வேண்டாம், பாதி பலம் போதும், கால் நகரக் கூடாது. 5, 6 விநாடி அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி தளர்த்துங்கள். தளர்த்திய அந்தக் கணத்தில் துண்டை மெதுவாக இழுத்தால் கால் இன்னும் சில டிகிரி மேலே வரும். அந்தப் புதிய இடத்தில் 20 விநாடி. இதையே மூன்று முறை. முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இந்த முறை அந்த நேரத்துக்கு வலிமையைக் குறைக்கக்கூடியது. பயிற்சிக்கு முன் செய்ய வேண்டாம்.

கணுக்கால், இடுப்பின் முன்பக்கம், தொடைப் பின்தசை, தோள், மேல் முதுகு. நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த ஐந்து இடங்கள்தான் தடை. படி 1-இல் குறைவாக வந்த இடத்தில் அதிக நேரம் செலவிடுங்கள், ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். சுலபமாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

படி 5: கிடைத்த தூரத்தில் வலிமையைக் கட்டுங்கள்

எடைப் பயிற்சி செய்தால் உடல் இறுகிப்போகும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நடப்பது நேர்மாறானது. முழுத் தூரத்துக்கும் இறங்கி ஏறும் எடைப் பயிற்சி, ஸ்ட்ரெட்ச்சிங் அளவுக்கே நெகிழ்வைக் கூட்டுகிறது என்று இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. பாதி தூரம் மட்டுமே இறங்கி, தூக்க முடியாத எடையைத் தூக்கிப் பழகினால்தான் நீங்கள் பழகிய அந்தப் பாதி தூரத்தில் மட்டும் பலம் கிடைக்கும்.

ஆகவே எடையைக் கொஞ்சம் குறைத்து, தூரத்தைக் கூட்டுங்கள். கீழே இறங்கும் பகுதிக்கு 3 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். மிகவும் நீண்டிருக்கும் அடிப்புள்ளியில் ஒரு விநாடி நின்று ஏறுங்கள். தொடைப் பின்தசைக்கு ருமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்தபடி முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்தல்), இடுப்பின் முன்பக்கத்துக்குப் பின்காலை உயரத்தில் வைத்துச் செய்யும் ஸ்பிலிட் ஸ்குவாட், கெண்டைக்காலுக்குப் படிக்கட்டு விளிம்பில் குதிகாலைக் கீழே இறக்கி உயர்த்துதல், நெஞ்சுக்கும் தோளுக்கும் டம்பெல் ஃப்ளை (மல்லாந்து படுத்து, கையில் எடையோடு கைகளைப் பக்கவாட்டில் விரித்து மூடுதல்). இவை ஒவ்வொன்றும் ஸ்ட்ரெட்ச்சும் வலிமைப் பயிற்சியுமாகச் சேர்ந்தே வேலை செய்கின்றன.

சுமையோடு தசையை நீளவிட்டுக் கட்டுப்படுத்தும் பயிற்சியால் தசை இழைக் கற்றைகளின் நீளமே கூடுகிறது. நோர்டிக் பயிற்சி இதற்கு நல்ல உதாரணம். மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய்ந்து விழுவதை எதிர்க்க வேண்டும். விளையாட்டு வீரர்களின் தொடைப் பின்தசைக் காயங்களைச் சுமார் பாதியாகக் குறைப்பதாகத் தொகுப்பாய்வுகள் சொல்லும் பயிற்சி இது. தொடக்கத்தில் 3 முதல் 5 ரெப்ஸ், இரண்டு செட், வாரம் ஒரு முறை. அதற்கே மறுநாள் வலி பலமாக இருக்கும், அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள்.

தானாகத் தூக்கும் உயரத்துக்கும் கையால் இழுக்கும் உயரத்துக்கும் பெரிய இடைவெளி இருந்தவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துண்டால் காலை மேலே இழுத்து, கைகளை விட்டுவிட்டு, அந்த உயரத்திலேயே காலை 5 விநாடி நிறுத்தப் பாருங்கள். தொடையின் முன்பக்கம் நடுங்கும், சில நேரம் பிடித்துக்கொள்ளும். 5 முறை போதும்.

ஸ்ட்ரெட்ச்சிங்கிடம் எதிர்பார்க்கக் கூடாதவை

மறுநாள் உடல்வலியை ஸ்ட்ரெட்ச்சிங் போக்காது. இதைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, முன்னால் நீட்டினாலும் பின்னால் நீட்டினாலும் வலியில் ஏற்படும் குறைவு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்று முடித்தது. நீட்டினால் சுகமாக இருக்கிறது என்றால் செய்யுங்கள், அதுவே போதுமான காரணம்.

காயத்தைப் பொறுத்தவரையிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து 2000-இல் ஒரு ஆய்வு வெளியானது. இரு குழுவினரும் வார்ம்-அப் செய்தார்கள், ஒரு குழு மட்டும் கால் தசைகளைக் கூடுதலாக நீட்டியது. காயங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நன்றாகத் திட்டமிட்ட வார்ம்-அப் காயங்களைக் குறைக்கும் என்பதற்கோ ஆதாரம் இருக்கிறது. கால்பந்துக்காக உருவான ஃபிஃபா 11+ சுமார் 20 நிமிட வார்ம்-அப். ஓட்டம், வலிமை, சமநிலை, குதித்து இறங்குதல் எல்லாம் அதில் உண்டு. நார்வேயில் பதின்ம வயது வீராங்கனைகளிடம் அதைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பெரிய வளைவுகளைப் பிடித்து நிற்கும் ஸ்ட்ரெட்ச்சுக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்

சிறுவயதிலிருந்தே கட்டைவிரல் முன்கையைத் தொடுமளவு வளைகிறது, முழங்கை, முழங்கால் பின்பக்கம் வளைகிறது என்றால் உங்கள் மூட்டுகள் இயல்பிலேயே தளர்வானவை. உங்களுக்கு ஸ்ட்ரெட்ச்சிங் தேவைப்படாது, வலிமைதான் தேவை. எப்போதும் 'இறுக்கமாக' உணர்வது உங்களுக்கும் வரலாம். தளர்ந்த மூட்டைத் தசைகள் இறுக்கிப் பிடித்துக் காப்பதாலும் அந்த உணர்வு வரும், அதை நீட்டி நீட்டித் தளர்த்துவது சரியான வழியல்ல.

கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், டிஸ்க் பிரச்சினையால் காலில் வலி இறங்குகிறவர்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தசை புதிதாகக் கிழிந்திருந்தால் முதல் சில நாட்கள் அதைப் பலமாக நீட்டவே கூடாது. வார்ம்-அப்பின்போதே நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றைய பயிற்சியை அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வாரத்தில் இதை எப்படிப் பொருத்துவது

வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி செய்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு நாளும் 10 முதல் 15 நிமிடம் படி 2. பயிற்சிக்குள்ளேயே ஒன்றிரண்டு அசைவுகளை முழுத் தூரத்துக்குச் செய்வதால் படி 5 தனி நேரம் கேட்காது. முடிந்தபின் 8 முதல் 10 நிமிடம் படி 4, உங்களுக்குக் குறைவாக வந்த இரண்டு இடங்களுக்கு மட்டும். பயிற்சி இல்லாத நாட்களில் ஒன்றிரண்டில், சிறிது நடந்துவிட்டு, அதே இரண்டு இடங்களை இன்னொரு முறை நீட்டுங்கள். நேரமே இல்லாத நாளில் எதை விடுவது என்றால் படி 4-ஐ விடுங்கள். படிப்படியாக எடை ஏற்றும் செட்களை விடாதீர்கள்.

நான்கு வாரம் கழித்து, அதே நேரத்தில், அதே அளவு வார்ம்-அப் செய்துவிட்டு, படி 1-இன் இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள். நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்வதற்குக் காரணம், காலையில் எழுந்ததும் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒரே நாளிலேயே வேறுபடும். கணுக்காலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தால் அப்படியே தொடருங்கள். எதுவும் நகரவில்லை என்றால் முதலில் எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், வாரத்துக்கு மூன்று நாளுக்குக் கீழே இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஒழுங்காகச் செய்தும் நகரவில்லை, சுவரைத் தொட முயலும்போது கணுக்காலின் முன்பக்கம் எலும்போடு எலும்பு இடிப்பது போல் இருக்கிறது என்றால், தசையை நீட்டி அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்குவாட்டில் குதிகாலுக்குக் கீழே மெல்லிய தட்டு வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடருங்கள், மூட்டை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.